ஆறடிக் குழாய்

"நானா, உங்கட வாசல் புல்லு மொத்தம் இருபதடிதான். இந்தச் சின்னப் பிளாஸ்டிக் ஸ்பிரிங்லர் தாராளமாக் காணும்" என்று ஹாட்வெயார் கடை இஸ்ஸதீன் படித்துப் படித்துச் சொன்னார்.

ஹயாத்து முகம்மது கேட்கிற ஆளா? லொறி ஓடி ஓய்ந்த மனுசன். ஒன்றை நினைத்தால் நினைத்ததுதான். பித்தளை ஸ்பிரிங்லரைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே நின்றார்.

"அது தோட்டத்துக்குப் பூட்டுறது. தட்டித் தட்டிச் சுத்தி நாப்பதடிக்கு வீசும். தண்ணி வேலிக்கு அங்கால போயிரும்."

"போனாப் போகட்டும்."

"சரி, இந்தக் கிளிப் ரெண்டையும் திருப்பி விட்டா அரை வட்டம்தான் சுத்தும். வேலிப் பக்கம் போகாது."

"வேணாம். முழுசாச் சுத்தட்டும். நிமித்தி வைக்க ஆறடிக் குழாயும் ஒண்டு தாங்க."

"புல்லுக்கு ஒரு அடி காணுமே நானா!"

"தாங்க எண்டாத் தாங்களேன்."

சாமானைத் தூக்கிக்கொண்டு மனுசன் போயே போய்விட்டார்.

இஸ்ஸதீனுக்குப் பொறுக்கவில்லை. நாட்டில் யுத்தம் ஓய்ந்து கண்டக்குழிக் கடற்கரைப் பக்கம் ஹோட்டல்கள் வந்தாலும் வந்தது, ஊரில் ஆளாளுக்கு வாசலில் புல்லு வளர்க்கிற பைத்தியம். மழையைக் கண்டு ஐந்து மாதம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அக்கம்பக்கத்துக் கிணறும் உப்பாகிவிடும் என்பது இந்த மணலில் பிறந்தவருக்குத் தெரியாதா?

அதுவும் யாருடைய வளவுக்குப் பக்கத்தில்? ஹாஜராவின் வளவுக்கு. அவளுடைய புருஷன் ஹாசிம் மௌத்தாகி, அடக்கம் பண்ணிப் பத்து நாள்தான். பிள்ளை குட்டி கிடையாது. புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில் இருக்கிறாள். நாலு மாதமும் பத்து நாளும் வெளியில் இறங்க மாட்டாள், அந்நிய ஆம்பிளை முகம் பார்க்க மாட்டாள். வேலியோரம் ஹாசிம் நட்டுவிட்டுப் போன வெங்காயம்தான் அவளுக்கு மிஞ்சின ஆதாரம். அது கருகினால் வருஷம் முழுக்க ஊரார் கையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான், பாவம்.

ஹாசிமும் ஹயாத்தும் வேலிச் சண்டையில் இரண்டு வருஷம் முகம் கொடுத்துக் கதைக்காதவர்கள் என்பதும் ஊருக்கே தெரியும்.

ஒரு மாதம் போனது. வெள்ளிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு வரும்போது இஸ்ஸதீனை நஸீர் வழியில் பிடித்துக்கொண்டான். இருவரும் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்கள்.

"நானா, நீங்க வித்த சாமான் விடியவும் பின்னேரமும் அடிக்கிற அடியில, தண்ணி முக்காவாசி ஹாஜராட வளவுக்குள்ளதான் விழுகுது. மௌத்தானவரோட இருந்த கோவத்த அந்தப் பொம்பிளையில தீக்கிறார் மனுசன்."

"யா அல்லாஹ்! அவட கிணறு உப்பாயிட்டா வெங்காயத்துக்குத் தண்ணிக்கு எங்க போற?"

"வெங்காயத்துக்கு நாமதானே பொறுப்பெடுத்தம். ஹாசிம்ட ஏழாம் நாள் கத்தம் ஓதினண்டு நீங்கதான் எழும்பிச் சொன்னீங்க, பள்ளியால முறை வச்சுத் தண்ணி ஊத்துவமெண்டு."

"ஓம் ஓம். ஊத்துறாங்கதானே?"

நஸீர் காதைச் சொறிந்தான். "இத்தா வீட்டு வளவுக்குள்ள எப்படி இறங்குறதெண்டு எல்லாருக்கும் கூச்சம். எனக்கும்தான். ஆனா ஆராவது போயிருப்பாங்க நானா."

இஸ்ஸதீன் அதற்குமேல் துருவவில்லை. தன்னுடைய முறை எந்த நாள் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அந்த நேரத்தில் ஹயாத்து மேல் இருந்த கோபம்தான் பெரிதாகத் தெரிந்தது.

இருவரும் போனபோது ஹயாத்து முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். குழாயின் உச்சியில் ஸ்பிரிங்லர் தட்டித் தட்டிச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆறடி உயரத்திலிருந்து வீசுகிற தண்ணீர் அடியில் கிடந்த புல்லுக்கு ஒழுங்காகப் படவேயில்லை. புல் மஞ்சளாகக் கிடந்தது. சொல்லக் கேட்டால்தானே!

"நானா, இது நல்லாயில்ல" என்றார் இஸ்ஸதீன்.

"நல்லாயில்லாட்டிப் பாக்காதீங்க."

"பக்கத்து வளவில இத்தா இருக்கிற பொம்பிளைக்குக் கரைச்சல் குடுக்கிறதுக்கு உங்களுக்கு வெக்கமில்லையா?"

ஹயாத்து எழும்பி உள்ளே போய்விட்டார்.

"பாத்தியா ஆணவத்த! வா, அவட்டயே ஒரு வார்த்தை கேப்பம். ஓமெண்டு சொன்னாப் போதும், இதப் பிடுங்கி எறிஞ்சிட்டுத்தான் மறுவேலை."

ஹாஜராவின் வாசலில் திரை தொங்கியது. படி ஏறாமல் கீழே நின்று இஸ்ஸதீன் தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, நான் இஸ்ஸதீன். நஸீரும் வந்திருக்கார். பக்கத்து வளவுத் தண்ணி உங்களுக்குக் கரைச்சலா? பயப்படாமச் சொல்லுங்க, நாங்க இருக்கம்."

திரைக்குப் பின்னாலிருந்து ஹாஜராவின் குரல் வந்தது.

"கரைச்சலா? என்ன நானா இப்படிக் கேக்குறீங்க? கருகப் போன வெங்காயம். இப்ப குசினி ஜன்னலால பாக்குறன், பச்சைப் பசேலெண்டு நிக்கிது. அடுத்த மாசம் கிண்டி எடுக்கலாம்."

நஸீர் வேலியோரம் எட்டிப் பார்த்தான்.

"ஹயாத்து மாமாட பொஞ்சாதி சாரா மாமி, ஏலாத காலோட வந்து எல்லாம் சொன்னா. இத்தா முடியும் மட்டும் ஆம்பிளைகள் வளவுக்குள்ள வரக்கூடாதெண்டு, பள்ளி நிர்வாகம்தான் அந்த மெசின வாங்கி அங்க பூட்டினதாம். எங்களோட முகம் குடுக்காத மனுசனையே நீங்க மசிய வச்சிட்டீங்களே! அஞ்சு வக்துத் தொழுகையிலயும் உங்க ரெண்டு பேர்ட பேரையும் சொல்லித்தான் நானா துஆக் கேக்குறன்."

இஸ்ஸதீன் படியடியை விட்டு மெல்ல நகரப் பார்த்தார்; ஹாஜராவின் குரல் தொடர்ந்தது.

"அந்த ஹயாத்து மாமாக்கு மட்டும் துஆக் கேக்க எனக்கு இன்னம் மனசு வருகுதில்ல."