படத்தின் கீழே இரண்டு வரி

லண்டன் சோஹோவில் எங்கள் கவர்ச்சிப் பத்திரிகை அலுவலகத்துக்குள் கையில் எங்கள் இதழோடு அந்த அம்மாள் நுழைந்ததுமே, வழக்குப் போடத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

நடுப்பக்கத்தை மேஜைமேல் விரித்தாள். "என் பொண்ணு மார்ஜரி. இருபத்தஞ்சு வயசு, லீட்ஸ்ல நர்ஸுன்னு படத்துக்குக் கீழே போட்டிருக்கீங்களே, எந்த ஆஸ்பத்திரி?"

"அதெல்லாம் நாங்களா எழுதறதும்மா. படமே பழசு. பேரையும் ஊரையும் வேலையையும் மாத்தி மாத்திப் போடுவோம். கோவிச்சுக்காதீங்க, இனிமே போடல."

"ஐயோ, நிறுத்திடாதீங்க தம்பி!" பதறிவிட்டாள். "போன வருஷம் டீச்சரா இருந்தா. அதுக்கு முன்னாடி பூக்கடை வச்சிருந்தா."

"உங்களைப் பாக்க வர்றதே இல்லையா?"

"படம் எடுத்த வருஷமே செத்துட்டா."

இதழைப் பத்திரமாகப் பைக்குள் வைத்தாள்.

"அடுத்த தடவை, கல்யாணம் ஆயிடுச்சுன்னு எழுதுறீங்களா?"