அம்மா ஏறினால் அனல்

"அம்மா, கோவிச்சுக்காதே. இறங்கிட்டு இன்னொரு தடவை ஏறு."

"இதோட நாலாவது தடவைடி! முட்டி என்னத்துக்கு ஆகும்?"

மகள் பிசிக்ஸ் டீச்சர்; காதில் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலிலேயே காரை நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்து, ஏசி காற்று வரும் ஓட்டையில் பள்ளிக்கூட லேபிலிருந்து கொண்டுவந்த தெர்மாமீட்டரைச் செருகியிருந்தாள். மடியில் நோட்டு, காதில் பென்சில்.

இரண்டு மாதமாக இந்த ஏசி அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் போட்டுப் பார்த்தால் பல் கிட்டிக்கும். அம்மாவை ஏற்றிக்கொண்டு தெருவில் இறங்கினால் அனல். வேறு வழியில்லாமல் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போவார்கள். அம்மா மட்டும் வேர்க்க விறுவிறுக்க, முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருப்பாள்.

'பாவம், நான் வருத்தப்படக் கூடாதுன்னு சமாளிக்கிறா' என்று டீச்சர் மருகுவாள்.

மருகமாட்டாளா பின்னே? சொந்தச் சம்பளத்தில், அம்மாவுக்கென்றே வாங்கிய கார் அது. பஸ்ஸில் நசுங்காமல், வெயில் படாமல், ஜில்லென்று அம்மா போய்வர வேண்டும். அதற்காகக் கண்ணாடியில் கறுப்புத் தாள்கூட ஒட்டியிருந்தாள்.

மெக்கானிக் போட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு மேடம்" என்றார். அவளைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்.

சரி, பிசிக்ஸ் படித்தது எதற்கு என்று அவளே களத்தில் இறங்கினாள். ஃபில்டரைக் கழற்றித் தட்டினாள். முன்பக்கத்தைக் குழாய்த் தண்ணீர் அடித்துக் கழுவினாள். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் நோட்டில் கட்டம் போட்டாள். தேதி, வெயில், யார் யார் ஏறினார்கள், ஏசி குளிர்ந்ததா?

பன்னிரண்டு பயணம். அம்மா வராத ஏழிலும் குளிர். அம்மா வந்த ஐந்திலும் அனல்.

"அம்மா, உன் எடை எவ்வளவு?"

"எதுக்குடி?"

"பாரம் தாங்காம இன்ஜின் ஏசியை நிறுத்திடுதோன்னு ஒரு சந்தேகம்."

அம்மா அன்றைக்கு ராத்திரி பாதிச் சாப்பாட்டோடு எழுந்துவிட்டாள்.

இன்றைக்கு அந்தச் சந்தேகத்துக்கும் முடிவு கட்டிவிட வேண்டியதுதான். உதவிக்குக் கணவர். பானெட் எது, டிக்கி எது என்று தடுமாறுகிற மனுஷன். இன்றைக்கு மட்டும் "பெல்ட் சுத்துதான்னு நான் பார்த்துக்கறேன்" என்று தானாகவே போய்த் திறந்த பானெட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

அம்மா இறங்கினாள். ஒன்பது டிகிரி.

அம்மா ஏறினாள். பதினைந்து, இருபத்திரண்டு, முப்பது!

"பார்த்தியா! நான் சொல்லலை?" டீச்சர் துள்ளிக் குதித்தாள்.

"என்னத்தைப் பார்க்கறது? மூச்சு வாங்குது!" என்றாள் அம்மா.

டீச்சருக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஏறி இறங்குகிற அம்மாவுக்கு மூச்சு வாங்கினால் நியாயம். பானெட்டுக்குப் பின்னால் சும்மா நிற்கிற கணவருக்கும் ஏன் புஸ்புஸ்ஸென்று வாங்குகிறது?

"அம்மா, இறங்கு... சரி, ஏறு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, தன் பக்கக் கதவைப் பூப்போலத் திறந்தாள். பரீட்சை ஹாலில் பிட் அடிக்கிறவனைப் பிடிக்கப் போகிற அதே நடை. பானெட்டைச் சுற்றி வந்து நின்றாள்.

"கையைத் திறங்க."

கணவர் திறந்தார். உள்ளங்கையில் நகம் அளவுக்கு ஒரு நீலத் துண்டு. ஏசி ஃபியூஸ்.

"அடப்பாவி மனுஷா! இத்தனை நாளா இதுதானா வேலை? நாங்க கிளம்பறதுக்கு முன்னாடி பிடுங்கறது, வந்ததும் சொருகறது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதான்."

"எங்கம்மா கொஞ்ச நேரம் ஜில்லுன்னு உட்கார்ந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது? அவங்க உங்களுக்கு என்ன பாவம் செஞ்சாங்க?" டீச்சர் பானெட்டைப் படாரென்று அறைந்து மூடினாள். "இனிமே நானும் அம்மாவும் பஸ்லயே போயிக்கறோம். இந்தக் காரை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க!"

அவர் ஒரே ஒரு தடவை காருக்குள் பார்த்தார்.

கதவு திறந்தது. அம்மா ஆறாவது தடவையாக இறங்கினாள்.

"மாப்பிள்ளையைத் திட்டாதேடி. அவர் வேண்டாம் அத்தை, வேண்டாம் அத்தைன்னுதான் சொன்னார். நான்தான் பிடுங்கச் சொன்னேன்."

"நீயா! ஏம்மா? ஏசி ஒத்துக்கலையா? தலை வலிக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. சுகமாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன்?"

அம்மா சேலைத் தலைப்பைத் திருகினாள். அந்த வயதில் அப்படி ஒரு வெட்கம்.

"எனக்காக ஆசையாசையா பண்ணியிருக்கே. வேண்டாம்னா உன் முகம் வாடிடும், அதான் வாய் வரலை. முப்பது வருஷம் தூக்குச்சட்டியோட இந்தத் தெரு வழியாத்தான் ஆஸ்பத்திரி கூட்டிப் பெருக்கப் போனேன். அன்னைக்குப் பார்த்தவங்க அத்தனை பேரும் இன்னைக்கும் வாசல்ல நிக்கறாங்க..."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கொஞ்சம் கோபமாகவே கேட்டாள் அம்மா.

"அந்தக் கறுப்புக் கண்ணாடியை ஏத்தி மூடிட்டா, நான் என் பொண்ணு வாங்கின கார்ல போறேன்னு அவங்களுக்கெல்லாம் எப்படிடி தெரியும்?"