ஐந்தே முக்கால் ரிப்பேர்

ஆரணி பஜாரில் குந்துநாதன் வீட்டு முன்னறையில் வைத்திருந்த வீடியோ கேம் மிஷின், ஒரு வாரமாகத் தினமும் சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குச் செத்துப்போனது.

"பேஜாராப் போச்சு. இன்னிக்கும் கோளாறைப் புடிக்கலன்னா வேலூர் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கறேன்" என்று உள்ளூர் மெக்கானிக் தசரதனிடம் சீறிவிட்டு, குந்துநாதன் சாப்பிட உள்ளே போனார்.

தசரதன் பவர் சப்ளையைப் பிரித்தான். ஃபியூஸ், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் சரி, கரண்ட்தான் வரவில்லை. ஒயரைப் பிடித்துக்கொண்டே கொல்லைப்பக்கம் போனான்.

அணைத்த சுவிட்சின் மேல் கைவைத்து நின்றிருந்தாள் அவர் மனைவி சக்ரேஸ்வரி.

"சொல்லிடாதீங்கண்ணா! ஜைனருங்க நாங்க பொழுது சாஞ்சா சாப்பிட மாட்டோம். இவரு கூப்பிடக் கூப்பிட ஆடிகினே இருந்துட்டு, தினம் பட்டினியா கெடந்தாரு."

குந்துநாதன் ஏப்பம் விட்டபடி வந்தார். "புடிச்சியா?"

"புடிச்சிட்டேங்க. தினம் அஞ்சே முக்காலுக்கு நீங்களே அரைமணி நிறுத்திடுங்க. அப்புறம் சாகவே சாகாது!"