சிலிப்பில் எழுதின டிப்ஸ்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. கயத்தாறு மெயின் ரோட்டு ஓட்டல் ஒன்றில் சப்ளையராக இருந்த வேல்சாமி அண்ணாச்சி சொல்லித்தான் தெரியும். அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

இரண்டாயிரத்து ஆறில் ஓட்டலுக்குக் கார்டு மெஷின் வந்தது. அன்றோடு வேல்சாமியின் சட்டைப்பை இளைத்துப்போனது.

மெஷின் வைத்ததே காற்றாலை வேலைக்கு வந்திருந்த எஞ்சினியர்களுக்காகத்தான். சாப்பிட்டு முடித்ததும் கார்டை நீட்டுவார்கள். கல்லாவில் இருக்கும் பொன்மணி அதைத் தேய்த்து சிலிப் எடுத்துத் தருவாள். வேல்சாமி அதை மேஜைக்குக் கொண்டுபோவார். சிலிப்பில் டிப்ஸுக்கென்று தனியாக ஒரு கோடு இருக்கும். அதில் இருபது, ஐம்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, "உங்களுக்குத்தாண்ணே" என்று சிரிப்பார்கள்.

தட்டில் சில்லறை வைக்கிற பழக்கமே நின்றுபோனது.

எழுதின பணமோ வேல்சாமி கைக்கு வரவில்லை. சம்பளம் அரிசி, பருப்புக்கே சரியாகப் போகும். மற்ற பாடெல்லாம் டிப்ஸில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"பொன்மணி, அந்த சார் ஐம்பது எழுதுனாரே?"

"ஆமாண்ணாச்சி, பாத்தேன்."

"அது எங்க?"

அவள் குனிந்துகொண்டாள். "சிலிப்புல எழுதுனா கைக்கு வராது அண்ணாச்சி. ரொக்கமா குடுக்கச் சொல்லுங்க."

"எப்படிட்டி கேக்க? நான் என்ன பிச்சையா எடுக்கேன்?"

அதன்பிறகு அவள் மேல் ஒரு கண் வைத்தார். கணக்கு முடிக்கும்போது சிலிப்புகளை அடுக்கிவைத்து மெஷினைத் தட்டுவாள். யாராவது கிட்டே போனால் சிலிப்பைக் கவிழ்த்துவிடுவாள். காலில் புதுச் செருப்பு வேறு.

"செருப்பு நல்லாருக்கே. இனி செயின் எப்ப?" என்று கேட்டுப் பார்த்தார். அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

நேராக முதலாளி லிங்கராஜிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

முதலாளி எல்லார் முன்னாலும் கூப்பிட்டுக் கேட்டார். "டிப்ஸ் எழுதுன காசு எங்கட்டி?"

"அது யாருக்கும் வரல முதலாளி."

"பொறவு என்ன, காத்தாடி சுத்தி இழுத்துட்டுப் போயிட்டாக்கும்?" என்றார் வேல்சாமி. சமையல்கட்டே சிரித்தது.

பொன்மணி சிரிக்கவில்லை. "நான் எடுக்கல," என்று மட்டும் சொன்னாள்.

"கை சுத்தமில்லாதவளுக்கு என் கல்லாவுல இடமில்ல. கெளம்பு," என்றார் முதலாளி.

டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் முதலாளியின் மச்சான் ராமசுப்பு கல்லாவில் உட்கார்ந்தான். மெஷின் கொடுத்தவர்களுக்கே போன் போட்டு எல்லாம் கேட்டுக்கொண்டான்.

"அத்தான், சிலிப்புல எழுதுன டிப்ஸை நாமதான் கடைசியில மெஷின்ல ஏத்தணுமாம். ஏத்துனாத்தான் கார்டுக்காரர்ட்ட இருந்து பிடிப்பாங்களாம்."

கேட்டுக்கொண்டிருந்த வேல்சாமிக்கு மனசு குளிர்ந்தது. ஒரு வாரம் பொறுத்து, தலையைச் சொறிந்துகொண்டு முதலாளி முன்னால் போய் நின்றார்.

"என்னடே?"

"டிப்ஸு, முதலாளி..."

"மெஷினு என்னுது, பேங்க் கணக்கு என்னுது. அதுல வாறது மட்டும் உனக்கா? மெஷின் வந்த அன்னைக்கே இதப் பொன்மணிகிட்ட சொல்லிட்டனே. டிப்ஸ் கடைக்குத்தான்னு. அவ சொல்லலியா?"

வேல்சாமிக்கு அப்போதும் அவள் மேல்தான் சந்தேகம். "பாத்தீங்களா முதலாளி, அவ உங்க காசைல்லா எடுத்திருக்கா."

என்னிடமும் அவர் அப்படித்தான் சொல்லி முடித்தார்.

அங்கே அடிக்கடி சாப்பிட்ட எஞ்சினியர் ஒருவர் எங்கள் ஆபீஸில் இருக்கிறார். அவர் கார்டுக்கு மாதாமாதம் வந்த பில்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ராமசுப்பு உட்கார்ந்த நாளிலிருந்து டிப்ஸைத் தவறாமல் பிடித்திருக்கிறார்கள். பொன்மணி கல்லாவில் இருந்தவரை, சாப்பாட்டுக்கு மேல் ஒரு ரூபாய்கூட அவரிடமிருந்து போகவில்லை.