வால்வு சூடாகும்வரை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போயிருந்த கரண்டு திரும்பி வந்ததும், வீரையா கையைத் துடைத்துக்கொண்டு ஆம்ப்ளிபயர் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.

சுவிட்சைத் தட்டினார். சத்தம் எதுவும் இல்லை. உடனே வராது என்று அவருக்குத் தெரியும். வால்வு சூடாகும்வரை பொறுக்க வேண்டும்.

நான்கு வால்வுகளின் கண்ணாடிக் குமிழ்களுக்கு அடியில் முதலில் ஒரு செம்புள்ளி தெரிந்தது. மெல்ல மேலேறி, ஊதிவிட்ட கங்கு மாதிரி கனிந்தது. ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்திருந்த மேகத்தில் அந்த வெளிச்சம் கரைந்து, சுவரெல்லாம் லேசாக ஆரஞ்சு பூத்தது.

அடுப்படியில் பாத்திரம் நங்கென்று விழுந்தது. விழவில்லை, வைக்கப்பட்டது.

மனைவி சிவபாக்கியம் அவரோடு பேசி நான்கு நாளாகிறது.

இருவரும் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். கொடைக்கானலில் ஏரிக்கு மேலே இருந்த ஹால்டன் துரையின் பங்களாவில் பதினான்கு வருஷம் இருந்தார்கள். வீரையாவுக்குச் சமையல் வேலை, சிவபாக்கியத்துக்கு வீட்டு வேலை. வயதான துரை சீமையில் இருக்கும் மகளிடமே போய்விடுவதென்று முடிவு செய்தபோது, இருவரையும் கூப்பிட்டு நிறுத்தி, வீட்டிலிருந்து எது வேண்டுமோ ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

சிவபாக்கியம் தையல் மிஷினைப் பார்த்தாள். செத்துப்போன துரைசாணியின் மிஷின். அதன்மேல் போர்த்திய துணியை அவள்தான் வாராவாரம் துவைத்துப் போடுவாள்.

வீரையாவின் வாயிலிருந்து வேறொன்று வந்துவிட்டது.

"அந்தப் பாட்டு செட்டு, தொரை."

ஆம்ப்ளிபயர் துரையே ஈயம் பற்றவைத்து ஒவ்வொரு கம்பியாகச் சேர்த்தது. இடுப்புயர ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டும் அவருடைய இளவயதில் கப்பலில் வந்தவை. அவர் எழுந்து வந்து வீரையாவின் தோளைத் தொட்டார். எப்படி வைத்துக் கேட்பதென்று சமையல்காரருக்குப் புரிகிற மாதிரி சொல்லிக்கொடுத்தார். அடுப்புக்கல் மூன்று இருக்கிறதல்லவா, அதில் இரண்டு கல் ஸ்பீக்கர். மூன்றாவது கல் இருக்கிற இடத்தில் நாற்காலி.

பெருமாள்மலை வரைக்கும் கேரட் லாரியில் வந்து, அங்கிருந்து ஜீப்பில் பேத்துப்பாறையில் அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது செட்டு. இறக்கி வைத்தபோது சிவபாக்கியம் கேட்டாள்.

"மிஷின் இருந்தா பொழப்புக்கு ஆவும். இந்தப் பொட்டிய வச்சு என்னாங்க செய்யப் போறீங்க?"

அவர் குனிந்து பெட்டியைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

வால்வுகள் முழுதாகச் சிவந்துவிட்டன. வீரையா நீல லேபிள் ஒட்டிய இசைத்தட்டை வைத்து, முள்ளை இறக்கி, மூன்றாவது கல்லில் போய் உட்கார்ந்தார். சாய்வு நாற்காலி. முதுகைச் சாய்க்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

பெரிய பிடில் ஒன்று மெதுவாக இழுக்க ஆரம்பித்தது.

வீரையாவுக்கு அதன் பெயர் தெரியாது. ஆனால் எந்த இடத்தில் இறங்கும், எந்த இடத்தில் நின்று மூச்சு வாங்கும், எல்லாம் தெரியும். கண்ணை மூடிக் காத்திருந்தார்.

அவர் கேட்டுப் பழகிய ஓசை வரவில்லை.

பாட்டு வந்தது. வில் கம்பியில் உரசுவது கேட்டது. வாசிக்கிறவன் மூச்சு இழுப்பது கேட்டது. யாரோ காகிதம் புரட்டினார்கள். முன்பின் தெரியாத ஓர் ஆள் வீட்டுக்குள் வந்து எதிரே உட்கார்ந்துகொண்டு கண்ணைப் பார்த்துப் பேசுவது போல இருந்தது.

எழுந்து சத்தத்தைக் குறைத்தார். ஒரு பெட்டியைச் சாண் அளவு நகர்த்தினார். முள்ளைத் தூக்கித் தூசி ஊதினார். வால்வுகளில் ஒன்றாவது மங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். நான்கும் சொக்கத்தங்கமாய் நின்றன.

ஜீப்பு குலுங்கியதில் உள்ளே ஏதோ போய்விட்டது என்றுதான் நினைத்தார். ஒரு மிஷினைத் தோற்று, வீட்டில் ஒரு குரலைத் தோற்று, கடைசியில் இதுவும் இல்லை.

மறுபடி முள்ளை வைத்துவிட்டு நின்றார். அவளிடமே போய்ச் சொல்லிவிடுவோம் என்று தோன்றியது. தப்புப் பண்ணிட்டேன் புள்ள என்று ஒரே ஒரு வார்த்தை. அவள் ஏசினால்கூடப் பரவாயில்லை.

அடுப்படிக்கு நடந்து பலகைக் கதவைத் தள்ளினார்.

சிவபாக்கியம் அடுப்பைப் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தாள். கையில் கரண்டி அப்படியே நின்றிருந்தது. சட்டியில் வெங்காயம் தானாக வதங்கிக்கொண்டிருந்தது. அவள் கண்கள் மூடியிருந்தன.

கதவுச் சத்தத்தில் திரும்பினாள். நான்கு நாள் கோபம் முகத்தில் இல்லை.

"கதவச் சாத்திட்டு உள்ள வாங்க. குசினிக்குள்ள நின்னாத்தான் அப்பிடியே பங்களாவுல கேட்டாப்புல இருக்கு."

வீரையா உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

அப்போது வந்தது. வில்லின் உரசலும் மூச்சும் காகிதமும் அந்தப் பக்கமே தங்கிவிட, பலகையைத் தாண்டி பிடில் மட்டும் மெத்தென்று, தூரத்து மழை போல, வெங்காய வாசனைக்குள் வந்து இறங்கியது. இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியது. நின்று மூச்சு வாங்கியது.

அவள் நகர்ந்து இடம் விட்டாள். இருவரும் தோளோடு தோள் நின்றார்கள்.

அந்தப் பதினான்கு வருஷத்தில் ஒரு நாள்கூட, பாட்டு ஓடும்போது அவர்கள் துரையின் கூடத்துக்குள் போனதில்லை.