இரண்டு இலட்சத்தான்

"மாமா, நான் முன்னுக்கு நிக்க வேணும்," என்றான் இளைய மருமகன் நிரூபன்.

மாமனார் சிற்சபேசர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"நீர் ரோமாபுரிச் சரித்திரம் படிப்பிக்கிறனீர்தானே? அங்க அதிகாரிகளுக்குச் சம்பளந்தான் பட்டமாம். விளக்கமாச் சொல்லும், மூத்த மருமகனும் கேக்கட்டும்."

"வருசத்துக்கு அறுபதாயிரம் காசு எடுத்தவன் அறுபதாயிரத்தான். அவனுக்கு மேல இலட்சத்தான். அதுக்கும் மேல இரண்டு இலட்சத்தான்."

"எங்கட டாக்குத்தர் மருமகன் இரண்டு இலட்சத்தான். நீர்?"

நிரூபனுக்குக் கல்லூரியில் பகுதிநேர வேலை. "அறுபதாயிரமும் வராது, மாமா."

"அப்ப கடைசிப் படியிலயும் நீர் இல்லை."

டாக்டர் வாயைப் பொத்திச் சிரித்தார்.

"மதுரா ஒருநாளும் என்ர சம்பளத்தைக் கேக்கேல்லை," என்றான் நிரூபன்.

"கேட்டிருந்தால் என்ர மகள் பார்க்டேலில ஒற்றை அறையில இருந்திருப்பாளே? யூனியன்வில் பெரிய வீட்டுச் சனம் முழுக்க வந்து நிக்குது. முன்னுக்கு நிக்கிறவரைப் பாத்துத்தான் எங்கட குடும்பத்தை மதிப்பினம்."

"இண்டைக்கு மட்டும் விடுங்கோ, மாமா. இனி உங்கட வாசலுக்கு வரமாட்டன்."

"இனி வர உமக்கு அலுவலும் இல்லை."

அப்போது தகன அறையின் கதவு திறந்தது. மதுராவின் பெட்டியைச் சூளையின் வாயருகே தள்ளி வைத்திருந்தார்கள்.

"இறந்தவரின் கணவர் யார்? அவர் வந்து எரியூட்டும் பொத்தானை அழுத்தலாம்," என்று ஊழியர் ஆங்கிலத்தில் அழைத்தார்.

நிரூபன் ஓரடி எடுத்து வைத்தான். சிற்சபேசர் கையை நீட்டி அவனை மறித்தார். மறு கையால் டாக்டரை முன்னே நகர்த்தினார்.

"இவர்தான்," என்றார்.