இரண்டாம் பக்கம்

"இந்த ஆளை இன்னைக்கே அனுப்பிரணும்," என்றார் விஜய்ராஜ். "நீங்க காரணத்தை மட்டும் எழுதிக் குடுங்க மேடம்."

குச்சனூர் விலக்கில் அவருடைய வாழைப்பழக் கிட்டங்கி. பழுக்க வைக்கும் குளிர் அறைகள் நான்கு. நான்கையும் ஓட்டுவது சுபாஸ்ரீ வடிவமைத்த கம்ப்யூட்டர். அது வந்ததும் மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பியாயிற்று.

மிச்சம், இப்போது மேசைக்கு எதிரே நிற்கும் சங்கிலி. ஐம்பத்தெட்டு வயது. பகல் முழுக்கத் தனி ஆள். மோட்டார் சத்தம்தான் பேச்சுத்துணை.

சுபாஸ்ரீ திரையைக் காட்டினாள். தினமும் பழுக்க வைக்கும் கேஸ் விடுவதற்கு முன் ஒவ்வொரு கதவும் பத்து நிமிடம் திறந்திருக்கிறது. குளிர் வீண். பழம் வீண்.

"ஏன் திறக்குறீங்க? உள்ள போகாமலே எல்லாம் தெரியுற மாதிரித்தானே செஞ்சு குடுத்திருக்கேன்?"

"வாழைப்பழம் தெரியுது மேடம். ஆளு தெரியலையே."

"எந்த ஆளு?"

"லோடு எறக்க வர்றவுக, வெயிலுக்குப் பெட்டிக்குப் பின்னால படுத்துருவாக. பாக்காமப் பூட்டிட்டா?"

விஜய்ராஜ் சிரித்தார். "யோவ், போன மாசம் உள்ள போய்த் தூங்குனது நீதான? லாரி டிரைவர் வந்துல்ல திறந்துவிட்டான்!"

"தூங்கல மொதலாளி. உள்பக்கத் தாழ்ப்பாள் சிக்கிக்கிச்சு. தட்டித் தட்டிப் பாத்தேன். கேக்குறதுக்கு வெளிய யாரு இருக்கா?"

"உள்ள அவசர பட்டன் இருக்கே?" என்றாள் சுபாஸ்ரீ.

"அமுக்குனேன் மேடம்."

"பொய்!" விஜய்ராஜ் குரலை உயர்த்தினார். "தேனியில இருந்து போன்ல இதே திரையைப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். ஒரு அலாரம் வரல."

சங்கிலி சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். வாசலைப் பார்த்து நடந்தார்.

"இருங்க," என்றாள் சுபாஸ்ரீ.

திரையில் இரண்டாம் பக்கத்தைத் திறந்தாள். இதுவரை யாரும் திறக்காத பக்கம்.

போன மாதத் தேதி. அறை 3, அவசர பட்டன். பகல் 2.10. 2.11. 2.11. 2.13.

விரலால் தள்ளிக்கொண்டே போனாள். முப்பத்தொரு தடவை. கடைசித் தடவை 3.25.

விஜய்ராஜ் எட்டிப் பார்த்தார்.

"இம்புட்டுப் பெரிய விஷயத்தை எவன் இங்கன கொண்டாந்து ஒளிச்சு வச்சது?"

"நான்தான் சார். முதல் பக்கம் பார்க்க அமைதியா இருக்கணும்னு."